பட்டுகெதரயில் முதுகு காட்டி நிற்கும் வீடு

இரத்தினபுரியில் வீடு கட்ட மேசன் பாஸாக என்னைக் கூப்பிடுவதற்கு யோசிக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். காரணம் ஒரே ஒரு வீடு. பட்டுகெதரயில் மெயின் ரோட்டிலிருந்து களு கங்கை ஆற்றுப் பக்கம் இறங்கும் சின்ன ரோட்டில் அது இருக்கிறது. ரோட்டில் போகிறவனுக்கு அந்த வீட்டின் குசினிக் கதவு தெரியும், புகைக்கூடு தெரியும், சட்டி கழுவும் கல் தெரியும், குளியலறை ஜன்னல்கூடத் தெரியும். தேக்குக் கதவும் தூண் வைத்த முன்விறாந்தையும் பின்னால், யாரும் பார்க்காத றப்பர் மரங்களையும் வெட்டிய மண்மேட்டையும் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. "பாஸுக்குக் கண் தெரியாதா, வீட்டைத் திருப்பிக் கட்டிவிட்டாரே" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குக் கண் நன்றாகத் தெரியும். அந்த வீட்டை அப்படிக் கட்டச் சொன்னவள் ஜீவராணி அக்கா. ஏன் அப்படிக் கட்டச் சொன்னாள் என்பதைப் பதினைந்து வருடமாக அறிந்தவர்களில் நானும் ஒருவன். ஊர் வாயை மூடுவதற்காகவாவது ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் ஒட்டிநிற்கும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். எங்களுடையது நாலாவது காம்பரா, அவர்களுடையது கடைசிக் காம்பரா. அக்காவின் அம்மா மூக்காயிப் பெரியம்மா முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். அக்காவின் புருஷன் கொழும்புக்கு வேலைக்கென்று போய் அப்படியே தொலைந்துபோனான். அவனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அக்கா கஹவத்தை டவுனில் ஒரு தையல்கடையில் வேலை பார்த்தாள். கலைச்செல்வி என்று ஏழு வயதில் ஒரு மகள்.

தொண்ணூற்று மூன்றில் பெரியம்மாவுக்கு வயதாகிப் பேர் வெட்டினார்கள். தோட்டத்தில் பேர் வெட்டுவது என்றால் செக்ரோல் என்ற வேலையாட்கள் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவது. அந்தக் குடும்பத்தில் வேறு யாருடைய பெயரும் செக்ரோலில் இல்லாவிட்டால் காம்பராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்தச் சட்டத்தை யாரும் அன்றைக்கே பிடித்துத் தொங்குவதில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் விட்டுவைப்பார்கள். தோட்ட ஒப்பீஸின் பெரிய கிளாக்கர் சங்கரலிங்கம் விடவில்லை. அவருக்கு வேண்டிய ஒரு கங்காணியின் மருமகனுக்குக் காம்பரா தேவைப்பட்டது.

சங்கரலிங்கம் கிளாக்கர் கெட்ட வார்த்தை பேச மாட்டார். கை நீட்ட மாட்டார். சுத்த சைவம், நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒருநாளும் ஒப்பீஸுக்கு வந்ததில்லை. அவரை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருவதே அதனால்தான். அடிக்கிறவனைத் திருப்பி அடிக்கலாம், ஏசுகிறவனைத் திருப்பி ஏசலாம். இந்த மனிதர் மெல்லிய குரலில் ஒரு வார்த்தை சொல்லுவார், ஒரு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை பெரியம்மா தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போன நேரம் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள். அம்மிக்கல், தகரப் பெட்டி, பாய், சாமிப் படம் எல்லாம் வாசலுக்கு வந்தன. நல்ல மழை. கதவுக்கு வேறு பூட்டுப் போட்டார்கள். லயமே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கு அப்போது பத்தொன்பது வயது, அதைச் சொல்லிக்கொள்ள இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பெரியம்மாவும் அக்காவும் கிளாக்கரின் குவாட்டர்ஸுக்குப் போனார்கள். கலைச்செல்வியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். தோட்டத்து ஆளுக்கு ஸ்டாஃப் குவாட்டர்ஸின் முன்வாசல் கிடையாது. வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்க் குசினி வாசலில்தான் நிற்க வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும், தோளில் கிடக்கும் துவாயை எடுத்துவிட வேண்டும், கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். உட்காரக் கூடாது. யாரும் சட்டம் போட்டு எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

காலைப் பெரட்டில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பி முடிந்த கையோடு போய் நின்றோம். ஐயா பூசையில் இருக்கிறார் என்றார்கள். பிறகு ஐயா ஒப்பீஸ் போய்விட்டார் என்றார்கள். மத்தியானம் திரும்பி வந்தார், முன்வாசலால் போனார். கிளாக்கரின் சம்சாரம் குசினிக் கதவால் எட்டிப் பார்த்து, "ஐயா சாப்பிடுறாரு" என்றார். கொஞ்சம் கழித்து, "ஐயா படுத்திருக்காரு" என்றார். பருப்பு தாளித்த வாசம் எங்களுக்கு வந்தது. பிள்ளை பசியில் என் தோளில் தூங்கிவிட்டது. பெரியம்மாவின் கால் இரண்டும் வீங்கிப்போய், நனைந்த சேலை காலோடு ஒட்டியிருந்தது. ஆனால் அவர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

நாலு மணிக்குக் கிளாக்கர் கதவடிக்கு வந்தார். படியை விட்டு இறங்கவில்லை.

"என்னா மூக்காயி?"

"ஐயா, வூட்ட பூட்டிட்டாங்க ஐயா."

"ஏம்மா, சட்டம் நா போட்டதா? தொரைக்கு எழுதிக் குடு. நா மேல அனுப்புறேன்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். எட்டு மணித்தியாலம் நின்றதற்கு மூன்று வாக்கியம்.

திரும்பி வரும் வழியில் பெரியம்மா அழுதார். அக்கா அழவில்லை. "இந்தாளு ஒருநாளைக்கி என் குசினி வாசல்ல வந்து நிக்கணும், கந்தையா" என்றாள். "இதே மாதிரி. மழையில. நா உள்ள இருந்து சோறு திங்கணும்." குசினி என்ன, ஒரு அடுப்புக்குக்கூட இடமில்லாத நாளில் சொன்னாள். அன்றைக்கு அவர்கள் எங்கள் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில்தான் படுத்தார்கள். நான்கு மாதம் அங்கேதான் இருந்தார்கள்.

தொண்ணூற்று நாலில் அக்கா குவைத்துக்குப் போனாள். பெரியம்மாவும் கலைச்செல்வியும் கஹவத்தை டவுனில் ஒரு அறையில் இருந்தார்கள். நான் கொழும்புக்குப் போய் மேசன் வேலை படித்து, கொஞ்சம் பெயர் எடுத்துக்கொண்டு இரத்தினபுரிக்கு வந்தேன். நடுவில் ஒரேயொரு தடவை அக்கா லீவில் வந்து போனாள். இரண்டாயிரத்து நாலில் ஒரேயடியாக வந்தாள். வந்த மூன்றாம் நாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கிளாக்கரு எங்க வூடு கட்டியிருக்காரு?" என்பது. நான் எப்படி இருக்கிறேன், கல்யாணம் பண்ணினேனா என்றெல்லாம் கேட்டது பிறகுதான்.

பட்டுகெதரயில் என்றேன். பென்ஷன் எடுத்துக்கொண்டு வந்து கங்கைப் பக்கம் கட்டியிருந்தார். சம்சாரம் செத்துப்போனது. மகன் கொழும்பில். தனியாகத்தான் இருந்தார்.

காணி பார்க்க நாங்கள் றஊப் நானாவைப் பிடித்தோம். அவர் மாணிக்கக் கல்லுக்கும் தரகர், காணிக்கும் தரகர். எதை விற்றாலும் அல்லாஹ்வைச் சாட்சிக்கு வைத்துத்தான் விற்பார், ஆனால் பொய் சொல்ல மாட்டார். முதலில் நியூ டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தங்கச்சி, இந்தக் காணிய பாருங்க. நல்ல உசரம். வெள்ளம் இங்க எட்டிப் பாக்கவும் ஏலா. பக்கத்துல டாக்டர்மாரு, அரசாங்கக் கச்சேரி ஆக்கள் ஈக்கிறாங்க. மகளுக்கு நாளைக்கி மாப்பிள்ள பாக்க வாற நேரம் இந்த அட்ரஸ் சொன்னாலே போதும்."

நல்ல காணி. மண் இறுக்கம், தண்ணீர் லைன் வாசல் வரை வருகிறது, பாடசாலை கிட்ட. வாங்கினால் நாளைக்கே அத்திவாரம் வெட்டலாம் என்று நான் சொன்னேன். அக்கா சுற்றிப் பார்த்துவிட்டு, "தூரமா இருக்கு" என்றாள்.

"எங்கேருந்து தூரம் தங்கச்சி?" என்று றஊப் நானா கேட்டார். அக்கா பட்டுகெதரப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது.

பிறகு வேரலுபவில் கட்டிமுடித்த வீடு ஒன்று பார்த்தோம். புதுப் பெயின்ட் பளபளவென்றிருந்தது. முந்தின வருடம் மே மாதம்தான் இரத்தினபுரியைப் பெரிய வெள்ளம் மூழ்கடித்திருந்தது. அதனால் விற்பனைக்கு வந்த வீடெல்லாம் புதுப் பெயின்ட் அடித்திருக்கும். நான் பெயின்ட்டை நம்புவதில்லை. கதவைத் திறந்து கீல் இடுக்கில் நகத்தை விட்டுப் பார்ப்பேன். வெள்ளம் ஏறிய வீடென்றால் மஞ்சள் சேறு வரும். அன்றைக்கும் வந்தது. என் தலைக்கு மேலே இருந்த கீலில்கூட வந்தது. றஊப் நானா அந்தச் சேற்றைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஊரில் எல்லோரும் வெள்ளத்துக்குத் தப்பித்தான் இடம் தேடினார்கள். எந்தப் பகுதி, எவ்வளவு உயரம், தண்ணீர் எதுவரை வந்தது, இதுதான் பேச்சு. அக்காவும் அதைத்தான் விசாரித்தாள். ஆனால் வேறு கணக்கில் விசாரித்தாள் என்பது பட்டுகெதரக்குப் போன அன்றுதான் தெரிந்தது.

அந்தச் சின்ன ரோட்டின் கீழ்ப்பக்கம் கிளாக்கரின் வீடு. ஓடு போட்டு, முன்னால் விறாந்தை வைத்து, அச்சொட்டாகத் தோட்டத்துக் குவாட்டர்ஸ் மாதிரியே கட்டியிருந்தார். வெள்ளம் விட்டுப்போன மண்ணிறக் கோடு ஜன்னலுக்கு மேலே வீட்டைச் சுற்றி ஓடியது. மனிதர் அதற்கு மேல் பெயின்ட் அடிக்கக்கூட இல்லை. ரோட்டுக்கு மேல்பக்கம், நேர் எதிரே, செங்குத்தான ஒரு துண்டுக் காணி. பின்னால் றப்பர். யாரும் வாங்காமல் கிடந்தது. வீடு கட்டுவதென்றால் மேட்டை வெட்டி மட்டம் எடுக்க வேண்டும். வெட்டினால் மழைக்கு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

அக்கா அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பி மேட்டைப் பார்த்தாள்.

"நானா, வெள்ளம் வந்தா இந்த வூட்டாளு எங்க ஏறுவாரு?"

"இந்த மேட்டுக்குத்தான். வேற எங்க ஏறுற? அடுத்த பக்கம் கங்கை தானே."

"இது போதும் நானா" என்றாள். "இதையே பேசுங்க."

நான் எவ்வளவோ சொன்னேன். மண் சரியில்லை என்றேன், நியூ டவுன் காணி கைக்கு வந்ததை விடுகிறீர்கள் என்றேன். கடைசியில் கோபம் வந்து, "வஞ்சம் தீக்கிறதுக்காக ஒருத்தர் வூடு கட்டுவாங்களாக்கா?" என்று கேட்டேன். "நா வேற எதுக்கு அங்க போய்ப் பத்து வருஷம் கக்கூஸ் கழுவுனேன்னு நெனச்ச?" என்றாள். அவள் முகத்தில் கோபமோ பதற்றமோ இல்லை. மரக்கறி விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

பிளான் பார்க்க பஸ் ஸ்டாண்டில் விற்கும் வீட்டுப் படப் புத்தகம் ஒன்று வாங்கினோம். அமெரிக்கன் ஸ்டைல் என்று ஒன்று, பங்களா ஸ்டைல் என்று ஒன்று, மேல்மாடி வைத்தது ஒன்று. அப்போது எல்லோரும் அமெரிக்கன் ஸ்டைல்தான் கேட்டார்கள். அக்கா ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். தூண் வைத்த முன்விறாந்தை, வளைந்த ஜன்னல், பெரிய ஹோல், பின்னால் குசினி. குவைத்தில் அவள் வேலை செய்த வீட்டுக்கும் இப்படித்தான் தூண் இருந்ததாம். நல்லதாகத்தான் தேர்ந்தெடுக்கிறாள் என்று நான் நினைத்தேன். பிறகு புத்தகத்தை மேசையில் தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

"ரோடு இந்தப் பக்கம்" என்று குசினியைக் காட்டினாள்.

பிளான் கீறுகிற சிங்களவர் இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேக அனித் பெத்தனே, நோனா" என்றார். மறுபக்கமல்லவா என்று அர்த்தம். அக்கா நல்ல சிங்களத்தில் அவருக்கு விளக்கினாள், தனக்கு ரோட்டுத் தூசு ஒத்துக்கொள்ளாது என்று. அவர் நம்பிவிட்டார். நகரசபையும் நம்பிவிட்டது. நம்பாதது நான் மட்டும்தான்.

சுவர் இடுப்பளவு எழும்பிய நாளில் கிளாக்கர் ரோட்டைக் கடந்து வந்தார். வயதாகிவிட்டது, கையில் ஊன்றுகோல். திருநீறு மட்டும் பழைய மாதிரி.

"பாஸ், வீட்டுக்கு முகம் எந்தப் பக்கம்?"

"மேல்பக்கம் ஐயா."

"அப்ப இது?"

"குசினி ஐயா."

"யாருடைய வீடு?"

"மூக்காயியோட மக ஜீவராணி வூடு ஐயா. நம்ம தோட்டத்துக் கடைசிக் காம்பரா."

அவர் குசினிக் கதவு வைப்பதற்கு விட்டிருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் தன் முன்விறாந்தைக்கு மூங்கில் தட்டி கட்டி மறைத்தார். ஐயாவுக்கு ஞாபகம் இருந்தது! அதை நான் சொன்னபோது அக்கா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து ஐந்து தை மாதம் பால் காய்ச்சினார்கள். விளக்கைத் தூக்கிக்கொண்டு அக்காவும் பெரியம்மாவும் மட்டும்தான் பின்பக்கம் சுற்றிப்போய் முன்வாசலால் நுழைந்தார்கள். மேட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒற்றையடிப் பாதை, அதுவும் சேறு. வந்த சனமெல்லாம் குசினியால் வந்து குசினியால் போனது. பிறகு எந்த நாளும் அப்படித்தான். தேக்குக் கதவு சாத்தியே கிடந்தது.

தட்டி கட்டினால் மூக்கை மறைக்க முடியுமா? கிளாக்கர் மத்தியானம் சாப்பிடுகிற நேரம் பார்த்து அக்கா கட்டாக் கருவாடு பொரிப்பாள். புகை ரோட்டைக் கடந்து நேரே அவர் விறாந்தைக்குப் போகும். அவள் கருவாட்டுக்கு ஆசைப்பட்டு ஒருநாளும் பொரித்ததில்லை, பாதி நாள் நாய்க்குத்தான் போட்டாள். விடிந்தால் அவர் பத்திரிகை வாசிக்கிற நேரத்துக்குச் சட்டி தேய்க்கிற சத்தம். இதையெல்லாம் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கிளாக்கர் ஒருநாளும் முறைப்பாடு சொல்லவில்லை. சுவர் எழும்பிய அந்த ஒரு நாளுக்குப் பிறகு ரோட்டைக் கடந்து வரவும் இல்லை. அக்காவுக்கு வேண்டியது அதுதான், அது மட்டும் நடக்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் கலைச்செல்விக்கு வரக்காப்பொலயில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் வேலை, நல்ல இடம். பதினோரு பேர் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுவுகிற கல்லடியில் நின்று, "வாசல் எங்கங்க?" என்று கேட்டார். இதுதான் என்று அக்கா சொன்னாள். எச்சில் சட்டிக்கும் விறகுக்கும் இடையால் பதினோரு பேரும் ஹோலுக்குப் போனார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள், சிரித்துப் பேசினார்கள், போனார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வழியாகச் செய்தி வந்தது. பொண்ணு பார்க்கப் போனவர்களைக் குசினிப் பக்கமாக நுழைய வைத்தார்களாம், அது அவமானமாம். வேறு இடம் பார்க்கிறார்களாம்.

கலைச்செல்வி அன்றைக்கு என் முன்னாலேயே கேட்டாள். "அம்மா, இந்த வூட்ட யாருக்கும்மா கட்டுனீங்க?"

அக்கா பொய் சொல்லவில்லை. "அவருக்குத்தான்" என்றாள், ரோட்டைக் காட்டி.

அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு அம்மாவோடு பேசவில்லை. ஆறு மாதத்தில் ரம்புக்கனையைச் சேர்ந்த தினேஷ் என்ற பையனைத் தானாகவே பார்த்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகை வீடு. முன்வாசல் ரோட்டைப் பார்த்து இருக்கிறது என்று எனக்கு மட்டும் போனில் சொன்னாள்.

நான் அக்காவிடம் போய்க் கெஞ்சினேன். ரோட்டுப் பக்கச் சுவரில் ஹோலுக்கு நேராக அலவாங்கு எனும் கடப்பாரையால் இடித்து ஒரு கதவு வைக்கலாம், ஒரு கிழமை, ஏழே நாள் வேலை, கூலி வேண்டாம் என்றேன். பிள்ளையும் திரும்பி வரும். என் பெயரும் கொஞ்சம் தப்பிக்கும், அதையும் நினைத்துத்தான் கேட்டேன்.

"அவரு வந்து நிக்கட்டும்" என்றாள். "நின்ன அன்னிக்கே உடைச்சிரலாம். நீ அலவாங்கக் கொண்டாந்து வைய்யி."

இரண்டாயிரத்து எட்டு ஜூன் மாதம் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. மேடு சரியுமோ என்ற பயத்தில் மூன்றாம் நாள் காலை நான் பட்டுகெதரக்குப் போனேன். நல்ல வேளை, மேட்டுக்கு நான் கட்டியிருந்த கல் அணை தாங்கி நின்றது. ஆனால் கீழே கங்கை ரோட்டுக்கு வந்துவிட்டது. கிளாக்கர் வீட்டு விறாந்தையில் தண்ணீர். மூங்கில் தட்டி ஒருபக்கம் கழன்று மிதந்தது.

அக்கா குசினிக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்திருந்தாள். அடுப்பில் சோறு வெந்தது. பெரியம்மா அடுப்படியில் மணை போட்டு உட்கார்ந்து நீட்டிய காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுபது கடந்துவிட்டது. கண் மங்கல், முழங்கால் மடங்காது. தோளில் மட்டும் பழைய பழக்கத்துக்கு ஒரு துவாய்.

பத்து மணி போல் கிளாக்கர் வந்தார். ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் துணிப் பை. படியேறி வந்து குசினி வாசலில் நின்றார். கூரை அவ்வளவு தூரம் நீளவில்லை, மழை முதுகில் கொட்டியது.

"பிள்ளை" என்றார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. ஒரு பீங்கானை எடுத்துச் சோறு போட்டாள். பருப்பு ஊற்றினாள். கதவுக்கு நேராக ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். "சாப்பிடுறேன்" என்றாள், "நில்லுங்க."

நான் அவரைப் பாவம் என்று நினைக்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். பதினைந்து வருடம் கழித்து ஒரு கணக்கு நேராகிறது என்றுதான் நினைத்தேன். இனி கதவு உடைக்கலாம், பிள்ளையைக் கூப்பிடலாம் என்றெல்லாம் மனம் ஓடியது. கிளாக்கர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.

பின்னால் மணை உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். மூக்காயிப் பெரியம்மா எழும்பிக்கொண்டிருந்தார். ஒரு கையைச் சுவரிலும் மறு கையைத் தரையிலும் ஊன்றி, மெல்ல மெல்ல எழும்பினார். நிமிர்ந்ததும் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். கையைக் கட்டிக்கொண்டார்.

"யம்மா, ஒக்காரு" என்றாள் அக்கா.

"ஐயா வந்திருக்காருடி."

"வந்தா என்னா? இது நம்ம வூடு. ஒக்காரும்மா."

"ஐயா நிக்கிறாரு. நா எப்புடி ஒக்கார்றது?"

அக்கா பீங்கானைக் கீழே வைத்தாள். எழும்பி, தான் இருந்த ஸ்டூலை வாசலுக்குத் தள்ளி, "ஒக்காருங்க" என்றாள் கிளாக்கரிடம். அவர் உட்கார்ந்தார். பெரியம்மா உட்காரவில்லை. ஐயா நின்றாலும் உட்கார்ந்தாலும் அவர் முன்னால் உட்கார்ந்து அந்த உடம்புக்குப் பழக்கமில்லை. அக்கா இரண்டு தோளையும் பிடித்து அழுத்தினாள். கிழவியின் உடம்பு மரம் மாதிரி விறைத்துக்கொண்டது. கால் மட்டும் ஆடியது. எண்ணெய் தேய்த்த காலில் நரம்பு புடைத்துத் தெரிந்தது. வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்தவரைவிட இந்தப் பக்கம் நின்றவர்தான் நடுங்கிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சோறு குழைந்து அடிப்பிடித்த வாசம் வந்தது. கடைசியில் அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கந்தையா, இவரு அம்மா கண்ணுல படாம முன்பக்கமா கூட்டிட்டுப் போ."

நான் கிளாக்கரின் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றுப் பாதையால் சுற்றிப்போனேன். தேக்குக் கதவு மழைக்கு ஊதி இறுகியிருந்தது, தோளால் இடித்துத் திறந்தேன். அவர் காலைத் துடைத்துக்கொண்டு நுழைந்து ஹோலில் பெரிய கதிரையில் உட்கார்ந்தார். தூண்களைப் பார்த்தார், றப்பர் மரங்களைப் பார்த்தார். "இந்தப் பக்கம் நல்ல காத்து, பாஸ்" என்றார். அந்த நிமிடம் அவரைத் தூக்கித் தண்ணீரில் போடலாம் போலிருந்தது எனக்கு.

திரும்பிக் குசினிக்கு வந்தபோது பெரியம்மா மணையில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. அக்கா அடுப்புக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். லயத்து வாசலில் சாமான் நனைந்த அன்றுகூட அழாதவள்.

ஹோலில் இருந்து அந்த மெல்லிய குரல் வந்தது. "பிள்ளை, கொஞ்சம் தேத்தண்ணி கிடைக்குமா?"

பெரியம்மாவின் கை தரையை ஊன்றியது. அக்கா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். "நீ எழும்பாத. நா ஊத்துறேன்" என்றாள். கேத்தலை அடுப்பில் வைத்தாள். முகத்தைச் சேலையால் துடைத்தாள்.

"அலவாங்கக் கொண்டு வரவாக்கா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"வேணாம்" என்றாள். "அந்த வாசலால வந்த மொத விருந்தாளி அவருதான். இப்ப நா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுக்கப்போறேன். இல்லாட்டி இவ எழும்பிருவா, கந்தையா."